மயிரிழை விரிசல்

அலமாரியில் அழகுக்கு வைத்திருந்த ஹூக்கா என்ற பழைய புகைக்குழாயின் கண்ணாடிக் குடுவையை எடுத்துத் துடைத்தபோதுதான் அந்த மயிரிழை விரிசலைப் பார்த்தாள் கலைமகள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கார மதாம் ரூபி மறுநாள் பாரிஸிலிருந்து வருகிறார். குடுவை அவருடைய அப்பா ஆசையாக வாங்கியது.

அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, ரெட்டியார்பாளையத்தில் கார் கண்ணாடி சரிசெய்யும் லூர்துபிரகாஷிடம் ஓடினாள்.

"எங்கியோ இடிச்சிட்டேன் போலருக்குண்ணே. வேல போயிடும்."

"அழாதம்மா, பாத்துக்கலாம்."

அவன் விரிசலுக்குள் பசையை இறக்கி, புற ஊதா விளக்கொளியில் இறுக வைத்தான். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் மதாம் வந்ததும் நேராகக் குடுவையிடம் போனார். விரலால் தடவினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுக் குடுவை இல்ல. அதுல ஒரு விரிசல் இருக்கும். அத எங்க வித்தே?"

"ஐயோ மதாம், இது அதேதான்! நான்தான் ஒட்டிக்கினு வந்தேன்!"

"பொய் சொல்லாத. போலீஸக் கூப்பிடுவேன்."

கலைமகள் அழுதுகொண்டே லூர்துபிரகாஷுக்குப் போன் போட்டாள். வேலையைத் தொடங்குமுன் விரிசல் தெரிய எடுத்திருந்த படத்தை அவன் அனுப்பினான். மதாம் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பயம் மதாம்."

"அது உன்னால வந்தது இல்ல. ஆறு வயசுல நான் போட்ட விரிசல். அப்பாவுக்குப் பயந்து சுவர்ப் பக்கமா திருப்பி வெச்சேன். அவர் சாகுற வரைக்கும் சொல்லல."