இழுத்துத் தைத்த முகம்

"என்னைப் பெத்தவளே எதிர்ல வந்தாலும் அடையாளம் தெரியக் கூடாது, டாக்டர்!"

செருப்புக் கடைக்காரர் இதைச் சொல்லும்போதே ஒரு கண்ணை வாசலில் வைத்திருந்தார். பயம் பழைய பயம். அந்தக் காலத்தில் அவரும் நெட்டை என்ற கூட்டாளியும் சேர்ந்து ஒரு நகைக் கடையில் கன்னம் வைத்தார்கள். போலீஸ் நெருங்கியதும் இவர் நெட்டையைக் காட்டிக் கொடுத்துவிட்டார். அவன் கம்பி எண்ணப் போனான். இவர் கம்பி நீட்டினார்.

விலங்கோடு வண்டியில் ஏறும்போது, கூட்டத்தில் நின்ற இவரைப் பார்த்து நெட்டை கத்தினான்: "எத்தனை வருஷமானாலும் உன் மூஞ்சிய மறக்க மாட்டேன்டா! கையில கெடைச்சே, செத்தே!"

பழைய வழக்குகளும் சேர்ந்துகொண்டதில் பதினைந்து வருஷம் உள்ளே கிடந்தவன், இப்போது வெளியே வந்துவிட்டான். போன வாரம் செருப்பு வாங்க இவர் கடைக்கே வந்து நின்றான். இவர் கல்லாவுக்கு அடியில் குனிந்து, எதையோ தேடுவதுபோல் பாவனை பண்ணித் தப்பித்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

டாக்டர் அவர் தாடைக்குக் கீழே தொங்கிய சதையை, ஜவுளிக் கடையில் துணி பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"கன்னமும் கழுத்தும் நல்லாச் சரிஞ்சு போச்சு. காதுக்குப் பின்னால கீறி, மேல இழுத்துத் தைச்சுடறேன். ஆளே மாறிடுவீங்க."

"வலிக்குமா டாக்டர்?" என்றார், ஒரு காலத்தில் சுவரேறிக் குதித்தவர்.

வீட்டில் வெளியூர்ப் பயணம் என்று சொல்லிவிட்டு, வீக்கம் வடியும்வரை ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். டாக்டர் வாக்குப் பொய்க்கவில்லை. கடைக்குப் போனால், விற்பனைப் பெண் "என்ன சைஸ் சார்?" என்று கேட்டாள். வீட்டு வாசலில் பேசாமல் நின்று பார்த்தார். ஐந்து வருஷமாகக் குடும்பம் நடத்தும் மனைவி கதவைப் பாதி திறந்து, "அவரு ஊர்ல இல்லீங்க" என்று சாத்திவிட்டாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்துக்கொண்டே தெருமுனைக்கு வந்தார்.

பஸ் நிறுத்தத்தில் நெட்டை உட்கார்ந்திருந்தான். முன்பென்றால் பக்கத்துச் சந்தில் புகுந்திருப்பார். இன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வேண்டுமென்றே அவன் மூக்குக்கு நேராக நடந்தார்.

நாலடி போவதற்குள் தோளில் ஒரு கை இரும்பாக விழுந்தது.

"டேய் மாப்ளே! பதினஞ்சு வருஷத்துல கொஞ்சங்கூட மாறவே இல்லியேடா நீ!"