மூன்றாவது அறிவிப்பு

"பாவூர்சத்திரத்தைச் சேர்ந்த பால்வண்ணநாதன், வயது அறுபத்தெட்டு, நீலக் கட்டம் போட்ட சட்டை. இவரைத் தவறவிட்டவர்கள் உடனே போலீஸ் பூத்துக்கு வரவும்!"

குற்றாலம் பேரருவியில் மைக் அலறியது. பெண்கள் பக்கம் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்து நின்ற இசக்கிச்செல்விக்கு அது நன்றாகவே கேட்டது. கேட்டதும் இன்னும் இரண்டடி உள்ளே தள்ளி நின்றுகொண்டாள்.

"பாவம், வயசான மனுசன். இப்படியும் விட்டுட்டுப் போவாளுவளா?" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"போவாளுவக்கா, போவாளுவ!" என்று சிரித்தாள் பால்வண்ணநாதனின் மனைவியான இசக்கிச்செல்வி. பிறகு "ஓ" என்று ஒரு கூச்சல் போட்டாள். அருவிக்குள் கத்தினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால் வந்த மறதி என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. "ஒரு நேரம் தெளிவா இருப்பாரு, ஒரு நேரம் உங்களையே தெரியாது" என்றார். கண் அசந்தால் மனுஷர் பஸ் ஏறிவிடுவார். சுரண்டையில் ஒரு தடவை, புளியறை செக்போஸ்ட்டில் ஒரு தடவை பிடித்து வந்தாள். மூன்று வருஷமும் பாத்ரூம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரமாக இரண்டு செம்பு ஊற்றியதுதான் அவள் குளித்த குளியல்.

இன்று காலையில்தான் அந்த யோசனை உதித்தது. பேர், ஊர், தன் செல் நம்பர் எல்லாம் எழுதிய அட்டையை அவர் சட்டைப் பையில் வைத்தாள். போலீஸ் கண்ணில் படும்படி உட்கார வைத்துவிட்டு நழுவினாள். மைக் கூப்பிடக் கூப்பிட ஆள் பத்திரம்.

மூன்றாவது அறிவிப்பு வந்ததும் மனசே இல்லாமல் வெளியே வந்து சேலை மாற்றினாள். பையிலிருந்த செல்லைப் பார்த்தாள். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. நல்லதாகப் போயிற்று.

பூத்துக்கு ஓடினாள். குட்டு உடைந்தால் இனி இந்த ஒரு மணி நேரமும் கிடைக்காது. அந்தப் பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டாள்.

"எங்கெல்லாம் தேடுதேன் சார்! அட்டையில நம்பர் இருக்குல்லா, ஒரு போன் போடக் கூடாதா?"

போலீஸ்காரர் வேல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். "போட விட்டாத்தானே ஆச்சி! என் செல்லைப் பிடுங்கில்லா வச்சிருக்காரு. மைக்குல மட்டும் சொன்னாப் போதுமாம், ஒரே பிடிவாதம்!"

இசக்கிச்செல்வி திரும்பினாள். பால்வண்ணநாதன் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளை முறைத்தார். உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதம்மா. எம் பொண்டாட்டி இன்னைக்குத்தான் நிம்மதியா குளிக்கா."