கண்ணில் பறந்த பூச்சி

உப்பளத்துப் பெண்களுக்கு என் குரல் என்றால் உயிர். அதனால்தான் கர்ப்பிணிகளின் செல்போனில் நர்ஸ் மாதிரி பேசும் மிஷினுக்கு அதைக் கேட்டார்கள், சுகாதார ஆபீஸ்காரர்கள். "நீங்க போகமுடியாத வீட்டுக்கெல்லாம் உங்க குரல் போகும், நர்சம்மா" என்றார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு பேசிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பாவிகள் என்னை ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டு, ஊருக்கு வேறு நர்ஸே போடவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் மாரிச்செல்வியைப் பார்த்தேன். நிறைமாதத்தில் வீட்டிலேயே வலிப்பு வந்திருக்கிறது. அவள் பிழைத்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை.

"ஏட்டி, முன்னாடியே தலைவலி, கண்ணு மங்கல்னு ஒண்ணும் தெரியலையா? போன்ல சொல்லியிருக்கலாமே?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சொன்னேனேக்கா. கண்ணுல பூச்சி பறக்குன்னு உங்ககிட்டதான் சொன்னேன். கொசுவலை கட்டிப் படுத்துக்கோன்னு நீங்கதான சொன்னீங்க."

பூச்சி பறக்குது என்று எந்தக் கர்ப்பிணி சொன்னாலும், பிரஷர் ஏறிவிட்டது என்று அலறியடித்து ஓடுகிறவள் நான்.

"அது நான் இல்லட்டி. மிஷினு."

"உங்க குரல் எனக்குத் தெரியாதாக்கா?"

அப்போது அவள் தலையணைக்கு அடியிலிருந்த போன் பேசியது. என் குரல்தான். என் கொஞ்சல்தான்.

"மாரி, பிள்ளைக்குப் பால் குடுத்தியா, தாயி?"