கோபுரத்துப் படிகள்

இனி வேலைக்கு வரமாட்டேன் என்று இன்றாவது சொல்லிவிட வேண்டும். எசமானியின் பிள்ளையைத் தூக்கித் தூக்கிப் பச்சையம்மாளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. எசமானி சுலோச்சனாவோ, ஊரிலிருந்து வந்த நாத்தனார் ராணியம்மாளிடம் கொழும்புக்குப் போய்வந்த பெருமையை அளந்துகொண்டிருந்தாள்.

“ஒரே நாள்ல மியூசியம், டச்சுக்காரன் கோட்டை, மாதாகோயில் கோபுரம் எல்லாம் பார்த்துட்டோம் அண்ணி. கோபுரத்து மேல நின்னா ஊரே உள்ளங்கையில கீறாப்பல தெரியுது!”

“எத்தினி படி கீது அதுல?”

“அத யாரு எண்ணினா?”

“நூத்திப் பன்னண்டு,” என்றாள் பச்சையம்மாள்.

ராணியம்மாள் சிரித்தாள். “உத்தரமேரூர் ஏரிக்கரையத் தாண்டாதவ இன்னா அளப்பு அளக்கறா பாரு!”

“அவளும்தான் எங்ககூட வந்தா அண்ணி.”

“அடி ஆத்தே! அப்ப நீயும் ஊரெல்லாம் பார்த்தியாடி?”

“எங்கம்மா? புள்ளையத் தூக்கிக்கினு கடைசிப் படி வரைக்கும் ஏறுனேன். அது அழுவுதுன்னு அங்கேர்ந்தே கீழ எறக்கி உட்டுட்டாங்க.”

சுலோச்சனா முகம் சுளித்தாள். “போதும்டி பேச்சு. அடுத்த மாசம் டில்லிக்குப் போறோம். துணிமணிய எடுத்து வை.”

பச்சையம்மாள் பிள்ளையை எசமானியின் மடியில் இறக்கி உட்காரவைத்தாள்.

“இந்த வாட்டி நீங்களே தூக்கிக்கினு ஏறுங்கம்மா.”