ஒரு கிலோ பொய்

மகளின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டாவது முறை பார்த்துவிட்டு, அவர் எடை மெஷினைக் கவிழ்த்தார். அடித்தகட்டைக் கழற்றி, உள்ளே வில்லைப் பிடித்திருந்த திருகை அரைச் சுற்றுத் திருப்பினார்.

நிமிர்த்தி வைத்தபோது முள் பூஜ்ஜியத்தில்தான் நின்றது. ஆள் ஏறினால் மட்டும் ஒரு கிலோ குறைத்துக் காட்டும்.

கடைத் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவருக்கு இருபத்தாறு வருடத் தொழில். "ஐம்பது கிராம் மட்டும் பாத்துப் பண்ணுங்க" என்று கண்ணடித்த ஒரு கடைக்காரரைத் தெருவே கேட்கும்படி திட்டி அனுப்பியவர்.

மகள் பளு தூக்குகிறாள். ஐம்பத்தெட்டு கிலோ பிரிவின் தேர்வுப் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம். இந்த வருடத்தோடு ஜூனியர் வயது முடிந்துவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

போன ஞாயிறு அவள் எடை அறுபத்தொன்று. "வேளாவேளைக்கு வயிறு நிறையச் சாப்பிடு, தினமும் ஓடு. வாரத்துக்கு அரைக் கிலோ தானா இறங்கும்" என்றார் கோச். அவள் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை, தலைக்கு மேல் தூக்கிய கம்பியோடு மயங்கிச் சரிந்தாள். கழுத்தில் விழவேண்டியது தோளை உரசிக்கொண்டு போனது.

அழுது பார்த்தார், அதட்டிப் பார்த்தார். "எடை இறங்கட்டும், சாப்பிடறேன்" என்பதுதான் பதில். எடையை ஞாயிறு மட்டும்தான் பார்க்க வேண்டும், அதுவும் வீட்டில்தான் என்பது கோச் போட்ட விதி. "தராசுக்காரர் வீட்டு மெஷினைவிட எது சரியா இருக்கப்போகுது?" என்பார் கோச்.

அறைக் கதவு திறந்தது. மகள் வந்து ஏறினாள்.

"ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு! நிஜமாவாப்பா?"

"மெஷின்தானே சொல்லுது" என்றார், முட்டையை உரித்துக்கொண்டே. நிமிரவில்லை. "இறங்கிடுச்சுல்ல. இனிமேலாவது சாப்பிடு."

ஒரு முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் மதியம் அவர் பட்டறையிலிருந்து வந்தபோது, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு அவளே உட்கார்ந்திருந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அடுத்த ஞாயிறு முள் அறுபது புள்ளி இரண்டில் நின்றது. ஒளித்து வைத்த ஒரு கிலோவையும் சேர்த்தால் அறுபத்தொன்று புள்ளி இரண்டு.

நூறு கிராம் ஏறினாலே அழுகிறவள், மெஷினிலிருந்து சாவகாசமாக இறங்கினாள்.

"சாப்பிட ஆரம்பிச்சா முதல்ல கொஞ்சம் ஏறத்தான்பா செய்யும். ஏன் இப்படி முழிக்கறீங்க? இன்னொரு முட்டை இருக்கா?"

அதன் பிறகு ஒரு நாள்கூட அவள் ஓட்டத்தை விடவில்லை. ஒரு வேளைகூடச் சாப்பாட்டையும் விடவில்லை. கன்னத்தில் ரத்தம் வந்தது. முள்ளும் வாராவாரம் அரைக் கிலோ இறங்கியது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் வாயைத் திறந்தார். சொன்னால் மறுபடி பட்டினி கிடப்பாள். சொல்லாவிட்டால் போட்டி அன்று எடை மேடையில் மாட்டிக்கொள்வாள்.

போட்டி அன்று காலை வீட்டு மெஷின் ஐம்பத்தேழு புள்ளி எட்டு காட்டியது. மகள் குதித்தாள். அவர் மனசுக்குள் கூட்டினார்: ஐம்பத்தெட்டு புள்ளி எட்டு. நூறு கிராம் கூடினாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எடை பார்க்கும் அறைக்குள் பெண்கள் மட்டும். வாசலில் மேஜை போட்டு ஒருவர் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் போன இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

"பாப்பா, ஒரு நிமிஷம். உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"வந்து கேக்கறேன்பா."

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "ஐம்பத்தேழு புள்ளி எட்டு. தகுதி."

மேஜைக்காரர் எழுதிக்கொண்டார். தராசுக்காரர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

மகள் ஓடி வந்தாள். "கேட்டீங்களா?"

"அந்தத் தராசு தப்பு."

"என்னது?"

"ஒரு கிலோ கம்மியா காட்டுது. நீ ஐம்பத்தெட்டு எட்டு. வீட்டு மெஷின்ல நான்தான்மா கைவெச்சேன், நீ சாப்பிடணும்னு." அவர் மேஜையை நோக்கி நடந்தார்.

"அப்பா! எங்க போறீங்க?"

"சொல்ல வேண்டாமா? தராசு தப்புன்னு தெரிஞ்சும் எப்படிம்மா வாயை மூடிட்டு நிக்கறது? வர்ற பொண்ணுங்களுக்கும் அதேதானே காட்டும்?"

"என் வாழ்க்கைப்பா, என் வாழ்க்கை!" என்று அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "சார்..." என்று அவர் கூப்பிட்டதும் மேஜைக்காரர் தலை நிமிர்ந்தார்.

மகள் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். "ஒண்ணுமில்ல சார், நீங்க எழுதுங்க" என்று சொல்லி, அவரைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய்க் காதருகே குனிந்தாள்.

"நீங்களே பொய் எடை காட்டற அளவுக்கு நான் ஆயிட்டேனேன்னு பயந்துதான்பா சாப்பிட ஆரம்பிச்சேன். அன்னிக்கு நீங்க பட்டறைக்குப் போனதுமே மெஷினைக் கழட்டிப் பாத்து, அந்தத் திருகை நான் சரி பண்ணிட்டேன்."