பின்னட்டைத் தீர்ப்பு

"இன்னாடி இது? படிச்சுட்டுத்தான் எழுதினியா, இல்ல அட்டையப் பாத்துக்கினே எழுதிட்டியா?"

வார்டன் பெனிட்டா மூன்று நாவல்களைச் சாப்பாட்டு மேஜைமேல் பொத்தென்று போட்டாள். சாம்பார் வாளி ஆடியது. ஏ ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்லக்கனி மட்டும் நிமிரவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஒரகடத்தில் இத்தனை லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறதே, எதிலாவது புத்தக அலமாரி உண்டா? சேரப்பணஞ்சேரியில் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் பஸ்ஸில் சுமந்து வந்து அடுக்கியவள் பெனிட்டா. படித்து முடித்தவர்கள் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு வரி கருத்து எழுத வேண்டும். அவள் போட்ட சட்டம் அது ஒன்றுதான். அதுவே இப்போது வினையாகிவிட்டது.

ஹாஸ்டலில் அதிகம் படிக்கிறவள் செல்லக்கனி. அவள் மொக்கை என்று எழுதிவிட்டால் அந்தப் புத்தகத்தை அப்புறம் ஒருத்தியும் தொடுவதில்லை.

"யாரும் எடுக்காத புஸ்தகத்துக்கு எதுக்கும்மா இடம்? அங்க ஒரு கட்டில் போட்டுடலாம்" என்று கட்டட ஓனர் கோதண்டராமன் நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பெனிட்டா பின்னட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி உரக்கப் படித்தாள்.

"துப்பறியும் நாவல். 'வாட்ச்மேன்தான் கொலைகாரன். தெரிஞ்சுபோச்சுல்லா, பெறகு எதுக்கு வாசிக்கணும்?' ஏண்டி, கொலைகாரன் யாருன்னு யாராச்சும் அட்டையில எழுதுவாங்களா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"குடும்ப நாவல். 'முந்நூறு பக்கமும் மாமியார் அழுகை. ஓ.டி. பார்த்துட்டு வந்து இது வேறயா?' சரித்திர நாவல். 'ராஜா பேசுதாரு, பேசுதாரு, பேசிக்கிட்டே இருக்காரு. சுத்த மொக்கை.' ஆனா பல்வலி வந்த பேயோட கதைக்கு மட்டும் சூப்பரோ சூப்பர்! அது அட்டை பிஞ்சு தொங்குது."

"எனக்குப் பிடிக்கலக்கா" என்றாள் செல்லக்கனி, சோற்றைப் பிசைந்தபடியே.

"இந்தச் சரித்திர நாவல நான் நாலு வாட்டி படிச்சிருக்கேன். நாலு வாட்டியும் அழுதிருக்கேன். இதப் போயி மொக்கைன்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அவ்வளவு நல்லாருக்குமாக்கா?" செல்லக்கனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகப்பிரியா கேட்டாள். "அப்ப நான் எடுத்துக்கிடட்டா?"

சுகப்பிரியாவும் செல்லக்கனியும் ஒரே ஊர், ஒரே ரூம். மூன்று மாதம் முன்னால் ஊர்க் கோயில் கொடைக்கு லீவில் போன சுகப்பிரியா, தம்பியைப் பறிகொடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்தாள். அதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது. ஷிஃப்ட் விட்டு வந்தால் கையில் ஒரு புத்தகம்தான். அவளே வாய்விட்டுக் கேட்டதில் பெனிட்டாவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

"தாராளமா எடுத்துக்கோடி..."

சொல்லி முடிப்பதற்குள் செல்லக்கனி இடது கையால் அந்தப் புத்தகத்தைப் பிடுங்கினாள். தட்டை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவும் இடத்துக்கு ஓடினாள்.

பெனிட்டாவும் விடாமல் பின்னாலேயே போனாள். "அவ்ளோ திமிராயிடுச்சா உனக்கு?"

செல்லக்கனி மெதுவான குரலில் சொன்னாள். "நூத்தி நாப்பத்திரெண்டாம் பக்கம் எடுத்துப் பாருங்கக்கா."

பெனிட்டா பார்க்க வேண்டியதில்லை. இளவரசன் ஏறிய படகு ஆற்றில் கவிழ்கிற இடம். நாலு வாட்டியும் அவள் அழுத இடம்.

"அந்தத் துப்பறியும் கதையில பொணம் ஏரியில மெதக்கு. குடும்பக் கதையில கடைசிப் பய கெணத்துல விழுந்துருதான்." செல்லக்கனி சுகப்பிரியா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினாள். "இவ தம்பி எப்படிப் போனான்னு உங்களுக்குத் தெரியும்லாக்கா. குளத்துல குளிக்க எறங்குன பய. இவ கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே..."

தெரியும். தம்பி போன சேதி எழுதி, லீவை நீட்டிக் கேட்டு வந்த லெட்டரை வாங்கி வைத்ததே பெனிட்டாதான். தெரிந்தும் தோன்றவில்லையே என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"தண்ணியில சாவு வருதுன்னு எழுதி வெச்சிருக்கலாமேடி?"

"எழுதினா, அதையும் அவதானக்கா வாசிப்பா?"

பெனிட்டா, செல்லக்கனி கையிலிருந்த புத்தகத்தின் பின்னட்டையை இன்னொரு முறை பார்த்தாள்.

"அக்கா, புக்கு?"

சுகப்பிரியா வந்துவிட்டிருந்தாள். கையைக் கழுவி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, ஆசையாக நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், அடுத்து யாருக்கு என்று கேட்கிற முகத்தோடு நின்றார்கள்.

பெனிட்டா செல்லக்கனியிடமிருந்து புத்தகத்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அலமாரி போனால் போகட்டும்.

"வேணாம்டி. நான் சொன்னது வேற புக்கு, பேரு மாறிப்போச்சு. இத நான் பத்துப் பக்கம்கூடப் படிக்கல."

"அப்ப இது எப்படிக்கா இருக்கும்?"

"செல்லக்கனி எழுதினதுதான் சரி" என்றாள் பெனிட்டா. "சுத்த மொக்கை."