சினைக் கெண்டை

ஐந்தருவிக்குக் கீழே சிற்றாறு தேங்கி நிற்கும் கசத்தின்மேல் வெடிப்புகை இன்னும் கலையவில்லை. காலை வெயில் மரங்களுக்கிடையே விழும் இடமெல்லாம் செத்த மீன்களின் வெள்ளை வயிறுகள் மினுங்குகின்றன. இங்கே மீன் வளம் தேறுகிறதா என்று பார்க்க வந்த மீன் இலாகா இன்ஸ்பெக்டர் மசூது முழங்கால் தண்ணீரில் நிற்கிறார். கரையில் மீன் குத்தகைக்காரர் சிவனணைந்தபெருமாள் வெற்றிலை மடிக்கிறார். அவருடைய ஆட்கள் பெரிய மீன்களை மட்டும் கூடையில் பொறுக்குகிறார்கள். விரல் நீளக் குஞ்சுகள் செத்து ஒழுக்கோடு போகின்றன.

"வெடி போடக்கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனேன், அண்ணாச்சி?" அருவி இரைச்சலை மீறி மசூது கத்துகிறார்.

"பங்களாவுல துரைமாருக்கு விருந்து. ஆத்து மீனுதானவே, அடுத்த மழைக்குத் தானா வந்துரும்."

மசூது குனிந்து ஒரு கெண்டையை எடுத்து, அதன் கனத்த வயிற்றை அழுத்துகிறார். மஞ்சள் முட்டைகள் உள்ளங்கை நிறைய வழிகின்றன. "எங்கனயிருந்து வரும்? அடுத்த மழைக்கு வரவேண்டியது இதுதான்."

சிவனணைந்தபெருமாள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்கிறார். இன்னொரு வெடித் தோட்டாவை எடுக்கும்படி ஆளுக்குக் கண் காட்டுகிறார். மசூது கரையேறுகிறார். பாறைமேல் இருந்த தோட்டாப் பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக் கசத்துக்குள் எறிகிறார்.

"துரைமாரு கேட்டா யாரு பேரைச் சொல்ல? உம்ம வேலை போயிரும்வே!"

"எம்பேரைச் சொல்லும். கேக்கணும்னா இங்கன வந்து கேக்கட்டும்."

மசூது கசத்தைப் பார்த்தபடி பாறையில் உட்காருகிறார்.